கூடுதல் லைட் வாங்கும் முன்

இரவில் பைக் ஓட்டும்போது வெளிச்சம் போதவில்லை என்றதும் பல்பை மாற்றாதீர்கள். முதலில் ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். டயரில் சரியான காற்றோடு, சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் தள்ளி பைக்கை நிமிர்த்தி நிறுத்தி, ஓட்டுபவரே மேலே உட்கார வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்ப்பது வீண் வேலை. சுவரில் விழும் டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, ஹெட்லைட்டின் மைய உயரத்தைவிட சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் விளிம்பும் மேலே ஏறும். எதிரே வருபவர் திட்டுவது அதனால்தான். அடிக்கடி இரண்டு பேராகப் போகிறவர்கள், இரண்டு பேரும் உட்கார்ந்தே பார்த்துவிடுங்கள்.

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைத் திணிப்பது எனக்குப் பிடிக்காது. ஒளி சிதறி, சாலையைவிட எதிரே வருபவர் கண்ணில்தான் அதிகம் விழும்.

சரி, அதற்குப் பிறகும் போதவில்லையா? 20 வாட் லைட் இரண்டு போட்டால் 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும். ஹேண்டில்பார் சுவிட்சில் நேராகக் கொடுக்காமல் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து லைட்டுக்கு, 85 எர்த். ஹெட்லைட் டிசியில் (பேட்டரி தரும் நேர் மின்னோட்டத்தில்) ஓடும் வண்டி என்றால் 86-ஐ ஹை பீம் வயரில் சேருங்கள். டிம் போட்டதும் இவையும் அணைந்துவிடும்.