கப்ளர் ஏறவில்லையா? சுத்தியலை எடுக்காதீர்கள்

ஸ்கிட் ஸ்டியர் லோடரில் (சிறிய லோடர் வண்டி) பிரேக்கரையோ (உடைக்கும் கருவி) ஆகரையோ (குழி தோண்டும் கருவி) மாட்டும்போது, ஹைட்ராலிக் ஆயில் ஹோஸை இணைக்கும் கப்ளர் ஏறாமல் அடம்பிடிக்கும். பெரும்பாலும் காரணம், லைனுக்குள் அடைபட்டிருக்கும் பிரஷர். பூமை (வண்டியின் தூக்கும் கை) தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, ஆக்ஸிலரி சுவிட்சை (மாட்டும் கருவிக்கு ஆயில் அனுப்புவது) இரண்டு பக்கமும் சில முறை தள்ளுங்கள். பல மாடல்களில் இதிலேயே பிரஷர் இறங்கிவிடும். உங்கள் வண்டிக்கு வேறு முறையா என்று மேனுவலைப் பாருங்கள். வெயிலில் கிடந்த அட்டாச்மென்ட் என்றால் ஆயில் விரிந்திருக்கும், சூடு ஆறட்டும். அப்புறம் கப்ளர் முகத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மூன்றாவதாக ஒரு சிறிய ஹோஸ் இருந்தால் அது கேஸ் டிரெயின். மாட்டிய கருவியின் மோட்டாருக்குள் கசியும் ஆயிலை நேராக டேங்குக்குக் கொண்டுபோகும் லைன். இதை மாட்ட மறந்தாலோ, ரிட்டர்ன் லைனோடு சேர்த்துவிட்டாலோ மோட்டாரின் ஷாஃப்ட் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) பிய்ந்துவிடும், செலவு உங்கள் தலையில். முதலில் மாட்டுவதும் கடைசியில் கழற்றுவதும் இதைத்தான்.

சரி, கசிவு? கையால் தடவவே கூடாது. ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள்.