ஆழமில்லாத கிணற்று நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்ச

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டம் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கோடைக் கடைசியில் எடுத்த அளவைத்தான் நம்பலாம். தரையில் வைக்கும் மோட்டார் நடைமுறையில் சுமார் 7 மீட்டர்தான் உறிஞ்சும். குதிரைத்திறனைக் கூட்டிப் பயனில்லை. நீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம். அதைவிட ஆழமென்றால் நீர்மூழ்கி மோட்டார்தான்.

ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் கீழ்முனையில் நீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) கிணற்றின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தொங்கட்டும், சேறு ஏறாது. உறிஞ்சு குழாய் மோட்டார் வாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. மோட்டாரை நோக்கிச் சற்றே ஏறியபடி போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். மோட்டார் ஓடியும் நீர் வரவில்லையா? பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பில் காற்று புகுகிறது, அல்லது வால்வில் குப்பை சிக்கி, ஓட்டும் முன் குழாயில் ஊற்றி நிரப்பிய நீர் இறங்கிவிட்டது. உடனே நிறுத்துங்கள், வறண்டு ஓடினால், நீர் கசியாமல் அடைக்கும் சீல் கருகும்.

தேவைக் கணக்கு எளிது. 100 சதுர மீட்டர் புல்தரையில் 5 மில்லிமீட்டர் நீர் நிற்க 500 லிட்டர் வேண்டும். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 785 லிட்டர், ஊற்று தனி.

சொட்டு நீர்ப் பாசனத்துக்கு 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) வடிகட்டி போடுங்கள். நீர் படும் சுவரில் செம்பழுப்புக் கறை படிந்தால் நீரில் இரும்பு இருக்கிறது. கரைந்த இரும்பை வடிகட்டி பிடிக்காது, தொட்டியில் காற்றுபடத் தெளியவிட்டே எடுக்க வேண்டும். குடிநீர்க் குழாயோடு இந்த இணைப்பை ஒருபோதும் சேர்க்காதீர்கள், இடையில் வால்வு இருந்தாலும்கூட.