ஊரில் தோல் டாக்டரைப் பார்க்கப் போகும் எக்ஸிமாக்காரர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வரும்போது அப்படியே எக்ஸிமாவையும் (தோல் வறண்டு அரிக்கும் கரப்பான்) ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், முதலில் மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கையில் வரும் ட்யூப்பில் பல நேரம் குளோபீட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிஜம்தான். ஆனால் வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டு அதன் உருவத்தையே மாற்றி, எது எக்ஸிமா எது பூஞ்சை என்று டாக்டருக்கே குழப்பம் வந்துவிடும். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது, கேட்டால் இன்னும் கிடைக்கிறது என்பது வேறு கதை.

அதனால்தான் உட்கார்ந்ததும் "இதுவரைக்கும் என்ன போட்டீங்க?" என்று கேட்பார்கள். அந்தப் பதிலோடு போங்கள். வெளிநாட்டு பிராண்டு பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, மருந்தின் பெயரும் சதவீதமும் அட்டையில் இருக்கும், எனவே ட்யூப்பை அட்டையோடு எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து, பெரியம்மா அரைத்துப் பூசிய குப்பைமேனி, எதையும் மறைக்க வேண்டாம். போகிற அன்று மஞ்சள் மட்டும் பூசாதீர்கள், தோலின் நிறமே தெரியாமல் போகும். நம் தோலில் எக்ஸிமா பளிச்சென்று சிவக்காது, கருத்தோ ஊதா கலந்தோ சாம்பல் பூத்தோ இருக்கும். ஊர் டாக்டர்கள் அதைத் தினமும் பார்ப்பவர்கள், இங்கே காட்டுவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் அதுதான். டாக்டரைப் பார்க்கும் நாளில் மட்டும் தோல் நல்ல பிள்ளையாகிவிடும் என்பதால், அதிகமாக இருந்த நாட்களில் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்களும் போனில் இருக்கட்டும்.

ஊருக்கு வந்த பிறகு கூடியதா குறைந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். போர் தண்ணீரில் குளிக்கிறீர்களா, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரிலா? உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாது, தோல் வறண்டுவிடும். (இந்தப் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்று யாராவது சொல்வார்கள், அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும் சமாச்சாரம்.) முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று வெளியே தெரியும் இடங்களில் மட்டும் கிளம்பினால் பார்த்தீனியம் செடியைச் சொல்லுங்கள், வயலோரமும் ரோட்டோரமும் அது இல்லாத இடமில்லை, காற்றில் வரும் அதன் தூளே போதும். மாம்பழ சீசனில் வாயைச் சுற்றி அரித்தால் மாம்பால் பட்டிருக்கலாம்.

இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஓபி காலையில். தனியார் கிளினிக் என்றால் முதலில் போன் செய்து டோக்கன் நேரம் கேளுங்கள். லீவு முடிந்து திரும்பும் கடைசி வாரத்தில் மட்டும் போகாதீர்கள், மருந்து கேட்கிறதா என்று பார்க்க மறுபடி ஒரு தடவை வரச் சொல்வார்கள். ஒவ்வாமைக்கு பேட்ச் டெஸ்ட் எழுதினால் முதுகில் ஒட்டியதை 48 மணி நேரம் நனையாமல் வைத்து, அப்புறமும் இரண்டு நாள் கழித்துக் காட்ட வேண்டும். அது எல்லா கிளினிக்கிலும் இருக்காது, பெங்களூரு போக வேண்டியிருந்தால் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்.

காய்ச்சலோடு சீழ் வைத்தாலோ, திடீரென்று கொத்தாக வலியுள்ள கொப்புளம் வந்தாலோ டோக்கனுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

சீட்டை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள், அங்கே திரும்பியதும் உங்கள் டாக்டருக்கு அது வேண்டும். எத்தனை நாள் போடுவது, எப்படிக் குறைப்பது, உடம்புக்குக் கொடுத்ததை முகத்துக்கும் போடலாமா என்று கேளுங்கள். அளவுக்கு, பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கினால் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும்.