அக்னிவீர் விண்ணப்பத்துக்கு முன் ஒரு வெள்ளைத் தாள்

ஏற்காடு அடிவாரத்தில் விடியற்காலையிலேயே 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பழகும் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், விண்ணப்பிக்கும் முன் பெற்றோர் அவர்களை ஒரு வெள்ளைத் தாளுடன் உட்காரவைத்து, முப்படைகளில் அக்னிவீர்களாக வீரர்களைச் சேர்க்க 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் விதிகளை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்ல வேண்டும். பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன்பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் அதிகபட்சம் 25 விழுக்காடு. முதலாண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்றாலும், அதில் 9,000 ரூபாய், பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால் கைக்கு வருவது 21,000 ரூபாய்தான். பயிற்சி மையச் சுவரொட்டிகள் கொட்டை எழுத்தில் காட்டும் அந்த நிதி, வட்டி நீங்கலாக 10 லட்சத்துச் சொச்சம். அதில் பாதி பையனின் சொந்தச் சம்பளத்தில் பிடித்த பணம் என்பதும், ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது என்பதும் தாளில் இடம்பெறட்டும். 22 வயதில் சேலத்துக்குத் திரும்ப நேர்ந்தால் என்ன படிப்பது, என்ன வேலை தேடுவது என்ற கேள்விக்கான பதிலை அவனே எழுத வேண்டும். நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து தேவை. அதை இந்தத் தாளைப் படித்த பிறகே போடுங்கள்.