குட்டியானையை எலெக்ட்ரிக்குக்கு மாற்றுவது எப்படி: லைன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

மதுரையில் பிஸ்கட், நொறுக்குத்தீனி ஏஜென்சி நடத்துகிறோம். ஒரு குடோன், கடை கடையாகச் சரக்குப் போடுகிற நான்கு லைன் வண்டிகள் (குட்டியானை என்று நாம் சொல்கிற டாடா ஏஸ் மாதிரி சின்ன சரக்கு வண்டிகள்). முன்பு நான்கும் டீசல் வண்டிகள், இப்போது அவற்றுக்குப் பதிலாக வாங்கிய நான்கும் பேட்டரியில் ஓடுகின்றன. கீழமாசி வீதிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் "எப்படி மாத்துனீங்க, என்ன செலவாச்சு" என்று கேட்கிறார்கள், போனிலும் அதே கேள்விதான், அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

பேங்க் லோன், இன்சூரன்ஸ், பாடி கட்டுவது எல்லாம் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ஷோரூமில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் குடோனில் ஆரம்பியுங்கள். வண்டிகள் கடந்த சில வருடங்களில் நன்றாகவே முன்னேறிவிட்டன, ஆனால் அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கப்போகிற நம் குடோன் ஒயரிங் பெரும்பாலும் டியூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்டதாகத்தான் இருக்கும்.

படி 1: லைனை நோட்டில் எழுதுங்கள்

ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு வண்டியும் காலையில் கிளம்பும்போதும் மாலையில் திரும்பும்போதும் மீட்டர் ரீடிங், ஏற்றிய எடை, எந்த லைன், இது மூன்றையும் டிரைவரையே எழுதச் சொல்லுங்கள். சராசரி எடுக்காதீர்கள். அதிகமாக ஓடிய நாள் எது, அன்று எத்தனை கிலோமீட்டர், அதுதான் வேண்டும். அண்ணாநகர், கே.கே.நகர், மாட்டுத்தாவணி என்று ஊருக்குள் சுற்றுகிற வண்டியும் உசிலம்பட்டி லைன் வண்டியும் ஒரே கணக்கில் வராது. உசிலம்பட்டிக்குப் போக மட்டும் 40 கிலோமீட்டர் பக்கம், நடுவில் ஊர் ஊராக நுழைந்து கடைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் 100ஐத் தொட்டுவிடும்.

எடையையும் பாருங்கள். சிப்ஸ், பிஸ்கட் மாதிரி சரக்கில் எடைக்கு முன்னாலேயே இடம் நிறைந்துவிடும், 600 கிலோ வண்டியே போதும். எண்ணெய் டின், அரிசி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அது ஆகாது.

படி 2: பேட்டரியை யூனிட்டில் கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் கிலோவாட் மணி என்று போடுவார்கள். அது ஈ.பி. பில்லில் வருகிற அதே யூனிட்தான். 2022 மே மாதம் அறிமுகமான டாடா ஏஸ் ஈ.வி.யில் 21.3 யூனிட் பேட்டரி, ஒரு முழு சார்ஜில் ஓடும் என்று சான்றிதழில் இருப்பது 154 கிலோமீட்டர். 2025 ஜூனில் வந்த ஏஸ் ப்ரோ ஈ.வி.யில் 14.4 யூனிட்தான், ஆனால் 155 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஏஸ் ப்ரோ சின்ன வண்டி, எடை குறைவு, அதனால் கம்மியாகச் சாப்பிடும், அது சரி. ஆனால் இரண்டுமே சோதனை முறையில் வந்த எண்கள். நம் லோடும் நம் டிராஃபிக்கும் அதில் கிடையாது.

நான் போடுகிற கணக்கு இது: பேட்டரி அளவில் 20 சதவீதத்தைக் கையிருப்பாக ஒதுக்குங்கள், மீதியை 5ஆல் பெருக்குங்கள். 21.3 யூனிட்டில் ஒதுக்கியது போக 17, ஐந்தால் பெருக்கினால் 85 கிலோமீட்டர். லோடோடு ஊருக்குள் ஓடினால் எங்களுக்கு யூனிட்டுக்கு ஐந்திலிருந்து ஆறு வரை கிடைக்கிறது, ஆனால் திட்டமிடும்போது ஐந்தை வைத்துத்தான் போடுவேன். ஏஸ் ப்ரோ மாதிரி சின்ன வண்டி இதைவிடக் கூடத் தரும். எவ்வளவு கூட என்பதை உங்கள் சரக்கை ஏற்றி உங்கள் லைனில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். டீலரிடம் அதைக் கட்டாயம் கேளுங்கள். காலி வண்டியில் ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வருவதெல்லாம் டெஸ்ட் டிரைவே இல்லை.

படி 3: வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. நம் ஊர் வெயிலுக்கு எல்.எஃப்.பி. பேட்டரிதான், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். நிக்கல் கலந்த வகையைவிட எடை கூடும், ஆனால் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கிற அபாயம் குறைவு, அதிக முறை சார்ஜ் போட்டாலும் தேய்மானம் மெதுவாகத்தான் இருக்கும். மேலே சொன்ன இரண்டு ஏஸ் வண்டியிலும் இதுதான். பேட்டரியைக் குளிர வைக்க ஏற்பாடு இருக்கிறதா, ஏ.ஐ.எஸ். 038 திருத்தம் 2 (மின்வண்டிகளுக்கான இந்தியத் தர விதி) பாதுகாப்புச் சான்று இருக்கிறதா, பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், இது மூன்றையும் கேளுங்கள். ஏஸ் ஈ.வி.க்கு ஏழு வருட பேட்டரி வாரண்டி. அதற்குக் குறைவாக எந்தக் கம்பெனி கொடுத்தாலும் ஏன் என்று கேட்பேன்.

மஹிந்திரா ஜியோ 2024 அக்டோபரில் வந்தது, அதிலும் 21.3 யூனிட் பேட்டரி மாடல் இருக்கிறது. கனமான சரக்கு என்றால் அசோக் லேலண்டின் ஸ்விட்ச் ஐ.ஈ.வி.4ஐப் பாருங்கள், 1.7 டன் வரை ஏற்றலாம். ஃபாஸ்ட் சார்ஜ் பிளக் சி.சி.எஸ்.2 ஆக இருக்கட்டும், வெளியில் கார்களுக்கு வைத்திருக்கிற ஸ்டேஷன்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் லாரிகளுக்கான மானியம் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை உள்ள வண்டிகளுக்குத்தான். நம் அளவு வண்டி அதில் வராது. யாராவது "மானியம் வரும் சார், இப்ப புக் பண்ணுங்க" என்றால் எழுத்தில் கேளுங்கள்.

படி 4: குடோனின் மின் லோடு

15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டால் ஒரு வண்டி சுமார் 3 கிலோவாட் இழுக்கும். 21.3 யூனிட் காலியிலிருந்து நிறைய ஏழெட்டு மணி நேரம். நான்கையும் ஒரே நேரத்தில் போட்டால் 12 கிலோவாட், அதோடு குடோன் லைட், கம்ப்யூட்டர், ஏ.சி. அறை இருந்தால் அது வேறு. மின்வாரியத்தில் அனுமதி வாங்கிய மின் லோடைத் தாண்டினால் அபராதம் வரும். சிங்கிள் பேஸ் இணைப்பு வைத்திருப்பவர்கள் முதலில் த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுங்கள், வண்டி புக் பண்ணுவதற்கு முன்பே. த்ரீ பேஸ் வந்ததும் எல்லா வண்டியையும் ஒரே பேஸில் மாட்டாதீர்கள், பிரித்து மாட்டுங்கள்.

ஆனால் எல்லா வண்டிக்கும் தினமும் அவ்வளவு நேரம் தேவையே இல்லை. 70 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 14 யூனிட் போட்டால் போதும், அது சுமார் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு 9 மணிக்கு இரண்டு வண்டி, 2 மணிக்கு மேல் இரண்டு வண்டி என்று டைமர் வைத்துவிட்டால் 12 கிலோவாட் வேண்டிய இடத்தில் 6 போதும்.

படி 5: எர்த், இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறோம்

மெதுவாகப் படியுங்கள். புது வண்டி வந்து, சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. உடனே டீலருக்கு போன், சர்வீஸ் ஆள் வந்து வண்டி நன்றாக இருக்கிறது என்பார், ஒயர்மேன் வந்து கரண்ட் நன்றாக வருகிறது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பிரச்சினை எர்த்தில். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் எர்த் இல்லாவிட்டாலும் ஓடும், வண்டி சார்ஜர் ஓடாது. அது எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்டையே உள்ளே விடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், அதுதான் சரியும்கூட.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கத் தெரியாதவர்கள் ஒயர்மேனை வைத்து அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் பக்கம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே எண். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, பதினைந்து என்று காட்டினால் எர்த் சரியில்லை, அல்லது அந்த பாயிண்ட்டுக்கு எர்த் ஒயரே வரவில்லை. லோடு ஓடும்போது இன்னொரு முறை அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது நன்றாகக் காட்டிவிட்டு லோடு ஏறியதும் ஏறிப்போகிற இடங்கள் நிறைய.

அடுத்து வருவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சில ஒயர்மேன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிடுவார்கள். சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டும், வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். நாளைக்கு எங்கேயாவது நியூட்ரல் கட் ஆனால் வண்டியின் உடம்பு முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும். காலையில் ஈரக்கையோடு கதவைத் திறக்கப்போகிறவர் நம் டிரைவர். யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே செய்து வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

சரியான வழி புது எர்த் குழிதான். கரி, உப்பு போட்ட பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடித்தது செம்பு பூசிய ராடும் அதைச் சுற்றிப் போடுகிற ரெடிமேட் பவுடரும். வருடா வருடம் உப்பு போடுகிற வேலை இல்லை, ராடும் சீக்கிரம் அரிக்காது. வெயில் அடிக்கிற காங்கிரீட் முற்றத்தில் தோண்டாமல், தண்ணீர்க்குழாய் பக்கம் ஈரம் நிற்கிற இடமாகப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துபோய் எர்த் மறுபடி மோசமாகும், பங்குனியிலிருந்தே குழியில் தண்ணீர் விடுகிற பழக்கம் வையுங்கள். போட்டு முடித்ததும் எர்த் டெஸ்டர் வைத்து 5 ஓமுக்குள் வருகிறதா என்று அளந்து எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் மெயின் போர்டிலிருந்து தனி லைன்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எர்த் ஒயர், 20 ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (கரண்ட் கசிந்தாலும் அளவுக்கு மேல் ஓடினாலும் தானே கட் ஆகிற சுவிட்ச்), கசிவு 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே ஆர்.சி.சி.பி. (கசிவுக்கு மட்டும் கட் ஆகிற சுவிட்ச்) போட்டால் நான்கு சார்ஜரின் சின்னச் சின்னக் கசிவும் சேர்ந்து நள்ளிரவில் டிரிப் ஆகிவிடும், காலையில் நான்கு வண்டியும் சார்ஜ் இல்லாமல் நிற்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் ஏறிய பிறகு சாக்கெட் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். ஐந்து மணி நேரம் விடாமல் லோடு இழுப்பதற்கு மலிவான சாக்கெட் தாங்காது.

7 கிலோவாட் சுவர் சார்ஜர் வாங்கினால் சீக்கிரம் ஏறுமே என்று கேட்பார்கள். அந்தக் கரண்டை பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவது வண்டிக்குள்ளேயே இருக்கிற சார்ஜர்தான், அதன் அளவுக்கு மேல் ஏறாது. முதலில் வண்டியின் அளவைக் கேளுங்கள், பிறகு சுவர்ப் பெட்டியை வாங்குங்கள்.

படி 6: அன்றாடப் பழக்கம்

எல்.எஃப்.பி. பேட்டரியில் வோல்டேஜ் ரொம்ப நேரம் ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் எத்தனை சதவீதம் பாக்கி என்கிற கணக்கு நாளாக ஆகத் தவறிப்போகும். வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு சின்ன சப்-மீட்டர் வையுங்கள். ஏஸில் டாடாவின் ஃப்ளீட் எட்ஜ் என்கிற சேவை மூலம் வண்டி எங்கே, சார்ஜ் எவ்வளவு என்று போனிலேயே தெரிகிறது, நல்ல விஷயம்தான், ஆனால் நமக்கு பில் வருவது சுவரிலிருந்து இழுத்த யூனிட்டுக்கு. அது பேட்டரிக்குள் போனதைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் கூட இருக்கும்.

செலவுக் கணக்கு: லோடோடு ஒரு கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து 0.22 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 ரூபாய் 20 காசு. டீசல் லிட்டர் 92, வண்டி 16 கொடுக்கிறது என்றால் 5 ரூபாய் 75 காசு. நான் இவ்வளவு அலைந்ததற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

டிரைவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்று: சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும். வண்டி வேகம் குறையும்போது மோட்டாரே டைனமோவாகி பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி அனுப்பும். கடைசி நேரத்தில் பிரேக் மிதித்தால் அதில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. 2018 அக்டோபர் 18 அறிவிப்பின்படி பேட்டரி சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து ஆர்.சி. கட்டணமும் இல்லை. எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. ஜி.எஸ்.டி. 5 சதவீதம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதற்குப் பதில்கள்.

வாடகைக் குடோனில் முடியுமா என்று திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டார். முடியும். வீடு, அலுவலகத்தில் இருக்கிற இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றிய மின்துறை வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் லோடு கூட்ட இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே எர்த் குழி, ஒயரிங் செலவு யாருடையது, காலி செய்யும்போது போர்டை எடுத்துக்கொள்ளலாமா என்று எழுதிவிடுங்கள்.

மழைத் தண்ணீர் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். பேட்டரி ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. உங்கள் சாக்கெட்டுக்கு அந்தச் சான்று கிடையாது. தரையிலிருந்து நாலடிக்கு மேல், ஷெட்டுக்குள் வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

கொடைக்கானல் பக்கம் லைன் ஓட்டுகிறவர்களுக்கு: மேலே 100 வரை ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வருகிற கரண்டுக்கு உள்ளே இடமிருக்காது, மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்துவது குறைந்து முழுப் பாரமும் பிரேக்கில் விழும். 80க்குள் நிறுத்திக்கொண்டு கிளம்புங்கள்.