ஆயில் பம்பை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பாளையங்கோட்டை வெயிலில் வண்டி சூடேறி, ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினால், புதுப் பம்பு வாங்க உடனே திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஓட வேண்டாம். ஆயில் அளவு குறைந்திருக்கலாம், சென்சாரும் பொய் சொல்லலாம்.

இரண்டும் சரியா? அப்புறம் பம்பைக் கழற்றுங்கள். உள்ளே சுழலும் ரோட்டர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு நான் ஒருமுறை அரை நாள் முழித்தேன். மண்ணெண்ணெயில் கழுவி, உள் ரோட்டர் முனைக்கும் வெளி ரோட்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பல வண்டிகளில் 0.2 மி.மீ. தாண்டினால் தேய்மானம்தான், ஆனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு. மூடியின் உட்புறத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆயில் அழுத்தம் கூடினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் பிஸ்டனில் ஆயில் தடவிவிட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். பலர் இதைத் தொடுவதே இல்லை, அண்ணாச்சி!

மாட்டும்போது பம்புக்குள் எஞ்சின் ஆயில் நிரப்புங்கள். உலர்ந்த பம்பு சட்டென்று ஆயிலை இழுக்காது. கிரீஸ் வேண்டாம். பெட்ரோலையும் பிளக்குக்குப் போகும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடித்த பிறகு, இரண்டையும் மறுபடி இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.