வெள்ளப் படம் வந்தால் நூலகரிடமும் காட்டுங்கள்

மாரி தொடங்கினாலே வாட்ஸ்அப்பில் 'இரணைமடுக் குளம் உடையப் போகுது' என்று ஒரு குரல் பதிவும், கூடவே எங்கேயோ எடுத்த வெள்ளப் படமும் வந்துவிடும். அப்படி ஒன்றை நம்பி எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மம்மா நடுச்சாமத்தில் பேரப்பிள்ளைகளோடு வீதியில் வந்து நின்றதை என்னால் மறக்கவே முடியவில்லை.

அவசரம் என்றால் 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேளுங்கள். ஆனால் சரிபார்க்கும் பழக்கம் வெள்ளம் வரும்போது வராது, முன்பே பழக வேண்டும்.

வீட்டில் யாராவது பம்பைமடுவில் வவுனியா பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களிலோ படிக்கிறார்கள் என்றால், அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது அந்தப் படத்தைக் காட்டி 'இதை எப்படிச் சரிபார்ப்பது?' என்று நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள். புத்தகம் எடுத்துத் தருவது மட்டுமா அவர்கள் வேலை, ஒரு தகவல் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் அவர்கள் படித்த தொழிலே. சர்வதேச நூலகக் கூட்டமைப்பான இஃப்லா 2017இல் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க எட்டுப் படிகளை வெளியிட்டது: மூலம், எழுதியவர், திகதி, நம் சொந்தச் சாய்வு என்று போகும், அதில் நூலகரைக் கேட்பதும் ஒரு படி.

அப்புறம், கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுப் பாருங்கள். பழைய படமென்றால் முன்பு எந்த ஊர்ச் செய்தியில் வந்தது என்று பெரும்பாலும் அகப்பட்டுவிடும். பிள்ளை கற்றுவந்ததை அன்றிரவே அம்மம்மாவின் போனிலும் செய்து காட்டட்டும்.